அட்டை வீடா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, நான்கு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நியூ ஜெர்சி எடிசனில் வாடகைக்கு இருக்கிறோம், அடுத்த வருடம் வீடு வாங்க எண்ணம், ஆனால் எல்லா வீடும் மரமும் அட்டையுமாக இருக்கிறதே, தாங்குமா? கிழக்குப் பார்த்த வாசல் கிடைக்குமா? வட்டி குறையும்வரை பொறுக்கலாமா? எந்த ஊர்ப் பள்ளிக்கூடம் நல்லது? கடைசி இரண்டுக்கும் என்னிடம் பதில் கிடையாது. வட்டி எப்போது குறையும் என்று தெரிந்தவன் இங்கே உட்கார்ந்து பதில் எழுதிக்கொண்டிருக்க மாட்டான். பள்ளிக்கூடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை பிரிட்ஜ்வாட்டர் கோயில் கேன்டீன் வரிசையில் நில்லுங்கள். தோசை வருவதற்குள் நான்கு பேர் நான்கு ஊர் சொல்வார்கள். வீட்டைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். நீளமாகத்தான் வரும்.

அட்டை வீடு என்று சிரிப்பது இங்கே வந்த முதல் வருடம் எல்லோருக்கும் வரும் காய்ச்சல். சுவரைத் தட்டுவோம், டொக்கென்று வெற்றுச் சத்தம் கேட்கும், உடனே ஊருக்குப் போன் போட்டு "இவங்களுக்கு வீடு கட்டவே தெரியலப்பா" என்போம். விருதுநகரில் அப்பா கட்டிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்குள் வளர்ந்தவன் நான். 1998 கடைசியில் இங்கே வந்திறங்கியபோது அந்தச் சத்தம் எனக்கும் உறுத்தியது. ஆனால் காரணத்தையும் விசாரிக்க வேண்டுமில்லையா?

1830களில் சிகாகோ திடீரென்று வளர்ந்த ஊர். மிச்சிகன், விஸ்கான்சின் பக்கம் வெட்ட வெட்டக் குறையாத காடு, மரம் ஏரி வழியாக வந்து இறங்கியது. ஆணியை இயந்திரத்தில் மலிவாகச் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். தட்டுப்பாடு தச்சருக்குத்தான். கனத்த உத்தரங்களைச் செதுக்கித் துளைபோட்டுக் கோக்கும் பழைய முறைக்குக் கைதேர்ந்த ஆட்கள் கூட்டமாக வேண்டும். மெல்லிய சட்டங்களை நெருக்கமாக நிறுத்தி ஆணி அடித்தால், சுமாராகச் சுத்தியல் பிடிக்கத் தெரிந்த இரண்டு பேர் போதும். இன்று உங்கள் தெருவில் கட்டும் வீட்டுக்கும் அடிப்படை அதுதான். அந்தச் சட்டத்துக்கு டூ-பை-ஃபோர், அதாவது இரண்டுக்கு நான்கு, என்று பெயர், அளந்தால் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம்தான் இருக்கும். 16 அங்குலத்துக்கு ஒரு சட்டம், வெளிப்பக்கம் பலகையும் சைடிங் என்ற மேலுறையும், உள்பக்கம் டிரைவால் என்ற அரை அங்குல ஜிப்சம் அட்டை, நடுவில் கண்ணாடி இழைப் பஞ்சு. பாரம் தாங்குவது சட்டம், நீங்கள் தட்டிப் பார்ப்பது டிரைவால். சாமி படம் மாட்டுகிறவர்கள் முதலில், உள்ளே சட்டம் எங்கே இருக்கிறது என்று காட்டும் ஸ்டட் ஃபைண்டர் ஒன்றைப் பத்து டாலருக்கு வாங்கிக்கொள்ளுங்கள். டிரைவாலில் சும்மா ஆணியடித்து மாட்டிய முருகன் என்றைக்காவது கீழே வருவார்.

இந்த முறை வந்தபிறகு வீடு ஒரு சரக்காகவே ஆகிவிட்டது. சியர்ஸ் கம்பெனி 1908 முதல் 1940 வரை கேட்டலாக்கில் வீடு விற்றது. எண்ணி வெட்டிய மரம், ஆணி, ஜன்னல், பெயின்ட் எல்லாம் ரயிலில் வந்து இறங்கும். 70,000 வீடுகளுக்கு மேல் விற்றதாகக் கணக்கு. பல இன்னும் நிற்கின்றன, ஆட்கள் குடியிருக்கிறார்கள். மரம் எவ்வளவு காலம் தாங்கும் என்றால், மாசசூசெட்ஸில் டெடம் ஊரில் ஃபேர்பேங்க்ஸ் வீடு என்று ஒன்று இருக்கிறது, 1640 வாக்கில் கட்டியது. அது கனத்த உத்தரம் போட்ட பழைய பாணி, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் மரம்தானே.

காங்கிரீட்டில் கட்டினால் என்ன என்று அடுத்துக் கேட்பீர்கள். உங்களுக்கு முன்பே அதைக் கேட்டவர், நீங்கள் குடியிருக்கும் ஊருக்குப் பெயர் கொடுத்த தாமஸ் எடிசன். சொந்தமாகச் சிமென்ட் ஆலை வைத்திருந்தவர். இரும்பு அச்சுகளை நிறுத்தி, மேலிருந்து காங்கிரீட்டை ஊற்றி, முழு வீட்டையும் ஒரே வார்ப்பில் எடுத்துவிடலாம் என்பது அவர் கணக்கு. 1917-ல் இதே நியூ ஜெர்சியில் யூனியன் ஊரில் அப்படிச் சில வீடுகள் எழும்பின, பிலிப்ஸ்பர்க்கிலும் கட்டினார்கள். வீடுகள் கல் மாதிரி நிற்கின்றன, வியாபாரம்தான் படுத்துவிட்டது. அச்சுகளுக்கே ஏகப்பட்ட முதல் போட வேண்டியிருந்தது, எந்தக் கட்டுமானக்காரரும் துணியவில்லை. மரம் ஜெயித்ததற்கு வேறு ரகசியம் ஒன்றும் இல்லை.

ஆகவே மரத்தைப் பற்றிக் கவலையை விடுங்கள். தண்ணீரைப் பற்றிக் கவலைப்படுங்கள்.

இங்கே குளிரில் மண் மூன்றடி ஆழம்வரை உறையலாம். உறைந்த மண் உப்பி அஸ்திவாரத்தைத் தூக்கிவிடும் என்பதால் அதற்கும் கீழே போய்த்தான் கடைக்கால் போடுகிறார்கள். எப்படியும் தோண்டுகிறோம், இன்னும் நாலடி தோண்டினால் அறையே கிடைக்குமே என்று வந்ததுதான் பேஸ்மென்ட். முன்பு அதில் நிலக்கரி கொட்டிவைத்தார்கள், இப்போது நம் ஆட்கள் ஹோம் தியேட்டர் வைக்கிறார்கள். பூமிக்குள் இருக்கும் அறைக்கு நிலத்தடி நீர் வந்து கதவைத் தட்டத்தான் செய்யும். 1999 செப்டம்பரில் ஃபிளாயிட் புயல் வந்தபோது பவுண்ட் புரூக் ஊருக்குள் ராரிட்டன் ஆறு புகுந்தது. நான் அப்போது பக்கத்து ஊரில், இரண்டு படுக்கையறை அபார்ட்மென்டில், பெட்டியும் படுக்கையுமாக இன்னும் மூன்று பிரம்மச்சாரிகளோடு இருந்தேன். தண்ணீர் வடிந்தபின் போய்ப் பார்த்தோம். தெரு நெடுகக் கார்பெட்டும் சோபாவும் ஊறிப்போன டிரைவாலும் ஆளுயரத்துக்குக் குவிந்து கிடந்தன. வீட்டுக்குள் சுவரை இடுப்பளவுக்கு அறுத்து எடுத்திருந்தார்கள். சட்டங்கள் அப்படியே நின்றன. இந்த ஊர் வீட்டின் எலும்பை நான் பார்த்தது அன்றைக்குத்தான். 2021-ல் ஐடா புயல் வந்தபோது மான்வில் ஊரில் மறுபடியும் அதே காட்சி.

சாதாரண வீட்டு இன்சூரன்ஸ் வெள்ளச் சேதத்துக்குக் கொடுக்காது, அதற்குத் தனி பாலிசி எடுக்க வேண்டும். 2024 முதல் நியூ ஜெர்சியில் விற்பவர் வெள்ள விவரத்தைச் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இருக்கட்டும். நீங்கள் மழை கொட்டிய மறுநாள் போய்ப் பேஸ்மென்ட் மூலையில் மூக்கை வைத்துப் பாருங்கள். விற்பதற்கு முந்தின வாரம் பெயின்ட் அடித்த பேஸ்மென்ட் என்றால் இரண்டு முறை மோந்து பாருங்கள். பேஸ்மென்ட் குழியில் ஊறும் தண்ணீரை வெளியே இறைக்கும் சம்ப் பம்ப் இருக்கிறதா, மின்சாரம் போனால் ஓட பேட்டரி இருக்கிறதா என்று கேளுங்கள். ரேடான் சோதனையும் தவறாமல் செய்துவிடுங்கள். மண்ணிலிருந்து கசியும் கதிரியக்க வாயு அது, அளவு லிட்டர் காற்றுக்கு 4 பிகோகியூரியைத் தொட்டால் வெளியேற்றக் குழாய் போட வேண்டும்.

இன்னொன்று, இதை ஏஜென்ட் தானாகச் சொல்வார் என்று எதிர்பார்க்காதீர்கள். பழைய வீடுகள் பலவற்றில் எண்ணெய் எரித்துத்தான் சூடேற்றினார்கள், எண்ணெய்த் தொட்டியை முற்றத்தில் புதைத்துவிடுவார்கள். பிறகு எரிவாயு வந்ததும் தொட்டியை மண்ணுக்குள் மறந்துவிட்டார்கள். அது துருப்பிடித்துக் கசிந்திருந்தால், சுத்தம் செய்யும் செலவு இன்றைய உரிமையாளர் தலையில்தான் விழும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் வீட்டுக்குப் போட்ட முன்பணத்தைவிட அதிகமாக மண்ணுக்குக் கொடுத்தது. கையெழுத்துப் போடுவதற்கு முன் 'டேங்க் ஸ்வீப்', அதாவது மண்ணுக்குள் தொட்டி இருக்கிறதா என்று கருவி வைத்துத் தேடும் சோதனை, செய்யச் சொல்லுங்கள். சில நூறு டாலர்தான் ஆகும்.

குளியலறைக்கு வருவோம். நம் ஊரில் குளியலறை என்றால் தரை முழுக்கத் தண்ணீர் போகலாம், ஒரு மூலையில் சாக்கடை வாய் இருக்கும். இங்கே வடிகால் டப்புக்குள் மட்டும்தான். டப்புக்கு வெளியே இருக்கும் டைல்ஸுக்கு அடியில் ப்ளைவுட், அதற்கும் அடியில் கீழ்வீட்டுக்காரர். என் அறைத் தோழர் ஒருவர் ஷவர் பிடிக்காது என்று வாளி வாங்கிவந்து, டப்புக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்து, திவ்யமாக எண்ணெய்க் குளியல் போட்டார். கீழே இருந்த பாட்டியம்மாவின் சீலிங் சட்டி வடிவத்தில் தொங்கிவிட்டது. எங்கள் டெபாசிட் போயிற்று. ஊரிலிருந்து அப்பா அம்மா வரும்போது முதல் நாளே இதைப் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

சமையலறைதான் எனக்குப் பெரிய வயிற்றெரிச்சல். சுவரில்லாத அடுக்களை, அதை ஒட்டிச் சோபா, அங்கிருந்தே மாடிப்படி என்று திறந்து போட்டிருப்பார்கள். ஃபிராங்க் லாய்ட் ரைட் இருபதாம் நூற்றாண்டு தொடக்கத்திலேயே அறைகளை ஒன்றோடொன்று திறந்துவிட ஆரம்பித்தார். வேலைக்காரர்கள் சமைத்த காலத்தில் அடுக்களையை மறைத்துவைத்தார்கள், வீட்டம்மாவே சமைக்க ஆரம்பித்ததும் அவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே சமைக்கட்டும் என்று சுவரை எடுத்தார்கள். நல்ல யோசனைதான், வேகவைத்த உருளைக்கிழங்குக்கு. மீன் வறுத்தால் மூன்றாம் நாள் அலுவலகத்தில் உங்கள் ஸ்வெட்டர் வறுத்த மீனாகத்தான் போய்ச் சேரும். அடுப்புக்கு மேலே மைக்ரோவேவோடு சேர்ந்த விசிறி இருந்தால் நம்பிவிடாதீர்கள். பல வீடுகளில் அது புகையை வெளியே தள்ளுவதே இல்லை, ஒரு வடிகட்டி வழியாகச் சுற்றி உங்கள் நெற்றிக்கே திருப்பி ஊதும். விசிறியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வெளியே போய்ப் பாருங்கள், சுவரிலோ கூரையிலோ காற்று வருகிறதா என்று. இதற்காகக் கராஜில் சிலிண்டர் அடுப்பு வைத்து வடை சுடுபவர்கள் இருக்கிறார்கள். பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் திறந்த நெருப்பு, மூடினால் கார்பன் மோனாக்சைடு. வடைக்காக உயிரைக் கொடுக்க வேண்டாம், வீட்டை விட்டுத் தள்ளித் திறந்த வெளியில் வைத்துச் சுடுங்கள். இப்போது சில கட்டுமானக் கம்பெனிகள் நம் ஆட்களுக்கென்றே பின்னால் 'ஸ்பைஸ் கிச்சன்' என்று ஒரு சின்ன அடுக்களை போட்டுத் தருகிறார்கள். பாட்டி வீட்டுப் பின்கட்டை ஒரு பெரிய தொகைக்கு நமக்கே விற்கிறார்கள்.

சுருக்கமாகச் சொன்னால், இந்த வீட்டை வரைந்தவன் மனதில் நீங்களும் நானும் இல்லை. யார் இருந்தார் என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். 1920களுக்கு முன் கட்டிய வீடுகளின் முன்னால் போர்ச் இருக்கும். சாயங்காலம் அதில் உட்கார்ந்து தெருவோடு பேசினார்கள். கார், டிவி, ஏசி வரிசையாக வந்தன. நம் ஊரில் திண்ணை போன கதைதான், போர்ச் சுருங்கி, கராஜ் வளர்ந்து, வீட்டின் முகமே கராஜ் கதவு என்று ஆனது. கராஜ் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும் வீடுகளைப் போர்ட்லண்ட் நகரம் 1999-ல் சட்டம் போட்டே கட்டுப்படுத்தியது. முட்டுச்சந்துத் தெருக்களும் காருக்காக வந்தவைதான். நேரமிருந்தால் ஃபேர் லான் ஊரில் ராட்பர்னைப் போய்ப் பாருங்கள். 1929-ல், காரும் குழந்தையும் ஒரே பாதையில் வரக்கூடாது என்று யோசித்துக் கட்டிய குடியிருப்பு. தெருப் பக்கம் கார், பின்பக்கம் பூங்கா வழியாக நடை. யோசனை அருமை. அதைக் காப்பியடித்தவர்கள் முட்டுச்சந்தை எடுத்துக்கொண்டு பூங்காவை விட்டுவிட்டார்கள்.

இன்று நாம் பார்க்கும் புறநகருக்கு முன்மாதிரி லெவிட்டவுன். போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு வீடில்லை, அரசு கடனுக்கு உத்தரவாதம் தருகிறது. லாங் ஐலண்டில் உருளைக்கிழங்கு வயலில் 1947-லிருந்து 1951-க்குள் 17,000 வீடுகளுக்கு மேல் கட்டிவிட்டார் வில்லியம் லெவிட் என்ற கட்டுமானக்காரர். ஆரம்ப வீடு 750 சதுர அடிதான். ஒரு குழு தளம் போட்டுவிட்டு நகரும், அடுத்த குழு சட்டம் நிறுத்தும், இன்னொரு குழு பெயின்ட் மட்டும் அடிக்கும். 1950 மாடலில் மாடிப்படிக்கு அடியில் டிவியையே பதித்துக் கொடுத்தார்கள். வாங்கியவருக்கு நிபந்தனையும் உண்டு. வேலி கூடாது, வாரம் ஒருமுறை புல் வெட்ட வேண்டும், விடுமுறை நாளில் துணி காயப்போடக் கூடாது. இன்றைக்கு உங்கள் குடியிருப்போர் சங்கம் அனுப்பும் கடுதாசிக்குப் பாட்டன் இதுதான். புல்லுக்காக நான் கொட்டும் பணத்தையும் கோடையில் சிந்தும் வியர்வையையும் நினைத்தால் ஆத்திரமாக வருகிறது. கென்டக்கி புளூகிராஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அந்தப் புல் ஐரோப்பாவிலிருந்து வந்தது. அதுவும் நம்மைப் போல வந்தேறிதான், விசா மட்டும் கேட்கவில்லை.

அந்த நிபந்தனைகளில் ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. வெள்ளையர் அல்லாதவர் அங்கே குடியிருக்கக் கூடாது. கடன் உத்தரவாதம் கொடுத்த அரசு அமைப்பே அதை ஊக்குவித்தது. பென்சில்வேனியா லெவிட்டவுனுக்கு 1957-ல் மையர்ஸ் என்ற கறுப்பினக் குடும்பம் குடிவந்தபோது கூட்டம் கூடிக் கல்லெறிந்தது. நம் மாநிலத்தில் வில்லிங்பரோவிலும் லெவிட் கட்டினார், கறுப்பினத்தவருக்கு விற்க மாட்டேன் என்றார், 1960-ல் மாநில உச்ச நீதிமன்றம் முடியாது என்று சொன்ன பிறகே கதவு திறந்தது. நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது 1968-ல். நம்மவர்களும் இதில் அடிபட்டவர்கள்தான். 1923-ல் பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியின் வழக்கில் இந்தியருக்குக் குடியுரிமை கிடையாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது, குடியுரிமைக்குத் தகுதியில்லாதவர் விவசாய நிலம் வாங்கத் தடை செய்த கலிபோர்னியா சட்டம் அங்கிருந்த பஞ்சாபி விவசாயிகள் மேல் விழுந்தது. நாம் இங்கே வந்து கையெழுத்துப் போட்டு வீடு வாங்க முடிகிறதென்றால், அதற்குக் கல்லடி பட்டவர்கள் வேறு ஆட்கள். இன்றைக்கு வாட்ஸப் குழுவில் நம் ஆட்களே "அந்த ஏரியா வேண்டாம், அங்கே அவங்க ஜாஸ்தி" என்று புதிதாக வந்தவர்களுக்குப் புத்தி சொல்கிறார்கள். அந்தப் புத்தியை மட்டும் வாங்காதீர்கள்.

அளவு பற்றியும் ஒரு வார்த்தை. 1950-ல் சராசரிப் புது வீடு ஆயிரம் சதுர அடிக்கும் குறைவு. 2015 வாக்கில் அது 2,600-ஐத் தாண்டிவிட்டது, குடும்பமோ சிறுத்துவிட்டது. நம்மில் பலர் சண்டைக்குப் போவது மாதிரி பெரிய வீடு வாங்குகிறார்கள். வாசலில் இரண்டு மாடி உயரத்துக்குச் சரவிளக்கு, இடதுபக்கம் யாரும் உட்காராத சோபா அறை, ஜன்னலின் இரண்டு பக்கமும் திருகாணி போட்டு அறைந்த பொய்க் கதவுகள். மூடவும் முடியாது, திறக்கவும் முடியாது. 1876 பிலடெல்பியா கண்காட்சிக்குப் பிறகு பழைய காலனி வீட்டின் மேல் இவர்களுக்கு மோகம் வந்தது, அதன் மிச்சம் அது. சூடேற்ற ஆகும் செலவைப் பார்த்துவிட்டு ஜனவரியில் குடும்பமே ஒரே அறையில் கம்பளிக்குள் உட்கார்ந்திருக்கும் மாளிகைகளை நான் பார்த்திருக்கிறேன். கிழக்கு வாசல் கேட்டீர்களே, கிடைக்கும். நம் ஆட்கள் அதற்குக் கூடுதலாகக் கொடுப்பார்கள் என்று எல்லா ஏஜென்டுக்கும் தெரியும், விலையில் சேர்த்துவிடுவார்கள். வாங்கிய பிறகு அந்த வாசலை யார் திறக்கிறார்கள்? காரில் வந்து கராஜ் வழியாகத்தானே உள்ளே போகிறோம். வாஸ்து பார்த்தே ஆக வேண்டுமென்றால் கராஜ் கதவுக்குப் பாருங்கள்.

நாங்கள் வாங்கியது 1950களில் கட்டிய, கேப் காட் என்ற பாணியில் அமைந்த சின்ன வீடு. மாடியில் சரிந்த கூரை, உயரமானவர்கள் குனிந்துதான் நடக்க வேண்டும். பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற இத்தாலிய வம்சாவளித் தச்சர் இருந்தார். எங்கள் ஊஞ்சலை உட்கூடத்தில் மாட்ட வேண்டும் என்று நான் சொன்னதும், எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. விரல் முட்டியால் சீலிங்கைத் தட்டிக்கொண்டே போய், "இங்கே, இங்கே" என்று சீலிங்கைத் தாங்கும் இரண்டு ஜாயிஸ்ட் உத்தரங்களைக் காட்டி, நடுவில் குறுக்குக் கட்டை கொடுத்து, கொக்கியை அவரே முறுக்கினார். முடித்ததும் முதல் ஆளாக அதில் உட்கார்ந்து ஆடினார். தக்காளி அவர் தோட்டத்திலிருந்து எங்களுக்கு வரும், எங்கள் வீட்டு ரசம் அவருக்குப் போகும். என் மனைவிக்குப் பனி தள்ளும் இயந்திரத்தை ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான்.

அவர் போனபிறகு பிள்ளைகள் வீட்டை விற்றுவிட்டார்கள். வாங்கியது நம் ஊர்க்காரர்தான். பழைய வீட்டை இடித்துவிட்டு, மனையை முழுக்க அடைத்துக் கல் முகப்பு வைத்த ஒன்றைக் கட்டியிருக்கிறார், எனக்கு மத்தியானத்துக்கு மேல் வெயில் கிடையாது. பேஸ்மென்டை இன்னும் ஆழமாகத் தோண்டிவிட்டார், அதிலிருந்து சம்ப் பம்ப் இறைக்கும் தண்ணீர் முழுவதும் என் கத்தரிச் செடிகளின் மேல்தான் விழுகிறது. இரண்டு முறை பேசிப் பார்த்தேன், சிரித்துக்கொண்டே காபி கொடுக்கிறார். நகராட்சிக்குப் புகார் எழுதிப் போட்டிருக்கிறேன், பார்ப்போம்.